மைக்ரோகிராமும் மில்லிகிராமும்

2023 தீபாவளி. பொட்டி தட்டுறதுக்கு நாலு நாள் லீவ் போட்டுட்டு சேலம் போயிருந்தேன். ராத்திரி பதினோரு மணி இருக்கும், தெரு முழுக்க பட்டாசுப் புகை. அம்மாவுக்கு வீசிங் வந்திடுச்சு. ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலை. ஆட்டோ பிடிச்சு ஓடினோம்.

இதுல என் பங்கு என்னன்னு சொல்லணும். அம்மா தினமும் எடுத்துக்கிட்டிருந்த இன்ஹேலரை ரெண்டு மாசம் முன்னாடி நிறுத்தச் சொன்னதே நான்தான். மாமா வாட்ஸப்ல ஒண்ணு அனுப்பியிருந்தார். இன்ஹேலர் ரொம்ப ஸ்ட்ராங், பழகிட்டா விடாது, மாத்திரைதான் மைல்டுன்னு. நானும் கூகிள்ல தேடினேன். 'இன்ஹேலர் பழக்கமாகுமா'ன்னு தேடினா, ஆகும்னு சொல்ற பக்கமும் கிடைக்கத்தானே செய்யும்? வீட்ல இருந்த பழைய மாத்திரை சீட்டைக் காட்டி, "இது போதும்மா"ன்னு சொல்லிட்டேன். பி.ஈ. படிச்ச பையன் சொன்னா அம்மா நம்பாம இருப்பாங்களா?

நெபுலைசர் வச்சு மூச்சு சீரானதும் டாக்டர் என்னைப் பார்த்து, "இன்ஜினியரா? அப்ப கணக்கு வரும்ல? சால்புடமால் இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். நீங்க குடுத்த மாத்திரை 4 மில்லிகிராம். எத்தனை மடங்கு தம்பி?"ன்னார்.

நாற்பது. :-(

இன்ஹேலர் மருந்து நேரா மூச்சுக்குழாய்க்குப் போகுது, அதனால துளி போதும். மாத்திரை வயித்துல இறங்கி, ரத்தத்துல கலந்து, உடம்பெல்லாம் சுத்திட்டு வரணும். அம்மாவுக்கு காபி டம்ளர் பிடிக்கும்போது கை நடுங்கினதுக்கும் அதுதான் காரணமாம். நாங்க வயசாயிடுச்சுன்னு நினைச்சிட்டிருந்தோம். அதைவிடப் பெரிய தப்பு, நான் நிறுத்தினது வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர். மாத்திரை அந்த வேலையைச் செய்யவே செய்யாது.

அப்புறம்தான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். ஜினான்னு ஒரு உலக அமைப்பு 1993லேர்ந்து இருக்கு. ஆஸ்துமா சிகிச்சைக்கான வழிகாட்டியை வருஷா வருஷம் புதுப்பிக்கிறாங்க. நம்ம ரிலீஸ் நோட்ஸ் மாதிரி. பெரியவங்களுக்கு உடனடி நிவாரண மருந்தை மட்டும் தனியா குடுக்காதீங்க, ஸ்டீராய்டும் சேர்ந்து இருக்கணும்னு 2019ல மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி எழுதின பக்கம் அன்னிக்கு சரியாவே இருந்திருக்கலாம். இன்னிக்கு அதை நம்பினா வம்பு.

இப்பல்லாம் எதைப் படிச்சாலும் மூணு விஷயம் பார்க்கிறேன். தேதி இருக்கா? அளவு சொல்றாங்களா, இல்ல வெறும் 'ஸ்ட்ராங்', 'மைல்டு'தானா? எடுக்கிற மருந்தை நிறுத்துங்கறாங்களா? மூணாவதுக்கு ஆமாம்னா மூடிட்டு டாக்டருக்கு போன்.

போன மாசம் மாமா இன்னொண்ணு அனுப்பினார். ஒரே வாரத்துல ஆஸ்துமா வேரோட போயிடுமாம். அம்மா கண்ணாடியைப் போட்டுட்டு மேலயும் கீழயும் தேடிட்டு கேட்டாங்க.

"ஏண்டா, இதுல தேதியே காணோமே?"

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அப்படி நினைச்சு ஒரு தடவை பட்டது போதும் சாமி.