ஒடிஞ்ச டேப்பும் அரைக்கிலோ படிகாரமும்

மரவள்ளி நட்டு நாற்பது நாள். நல்ல மழை. மழைக்குக் கிழங்கு வளருதோ இல்லையோ, கோரை வளரும். முதல் மூணு மாசம் களையை அடக்கிட்டா, அப்புறம் செடி தழைஞ்சு நிழல் கட்டித் தன்னைத்தானே காப்பாத்திக்கும். தவறவிட்டா கிழங்கு விரல் மொத்தம்தான். களைவெட்ட ஆள் கிடைக்காத எங்களுக்கு இருக்கிற ஒரே ஆள் பவர் வீடர்.

அன்னைக்கு ஓட்டும்போது வீடர் ரொம்பவே உதறியது. பார்த்தா, இஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற அலுமினியத் துண்டில் ஒரு போல்ட் பிடிக்காமச் சும்மா சுத்துது. மரை போயிடுச்சு. 'மரை கழண்டவன்'னு திட்டுவோமே, அதே மரைதான்.

6 மில்லி போல்ட். துளையை 6.8 மில்லிக்குப் பெருசாக்கி, டேப் போட்டு, 8 மில்லி போல்ட் மாட்டினா வேலை முடிஞ்சுது. டேப்புன்னா தண்ணீர்க் குழாய் இல்லைங்க. பார்க்க போல்ட் மாதிரி, பக்கத்தில் வாய்க்கால் ஓடுற, துளைக்குள்ள மரை வெட்டுற இரும்பு. அப்பாவோட பெட்டியில் ஒரே அளவில் மூணு உண்டு: தொடங்க ஒண்ணு, நடுவில் ஒண்ணு, அடிவரை வெட்ட ஒண்ணு. "அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி. அப்பத்தான் சீவல் ஒடிஞ்சு வெளிய வரும்"னு அப்பா சொல்லுவார்.

மேற்கே இருட்டிக்கிட்டு வந்தது. மழைக்கு முன்னாடி நாலு சால் ஓட்டிடணும்னு எனக்கு அவசரம். அந்தத் துளைக்கு மறுபக்கம் கிடையாது. முதல் டேப் அடியில் முட்டினது கைக்கே தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம்னு திருகினேன். 'டிக்'. பாதி டேப் உள்ளே, பாதி கையில்.

லேத் பட்டறை அண்ணன் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். "டேப்பு கெட்டி இரும்பு, சுத்தி இருக்கறது மெத்து அலுமினியம். டிரில் போட்டா பிட்டு வழுக்கி அலுமினியத்தைத்தான் தின்னும். புதுசு வாங்கிடுப்பா." கடையில் கேட்டா, பத்து நாள் ஆகும்னாங்க. நானும் வீட்டுக்காரியும் களைக்கொத்தோட குனிஞ்சோம். அவ ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் தாங்கலை.

வழி சொன்னது டீக்கடையில் உட்கார்ந்திருந்த தாத்தா. ஒரு காலத்துல டவுன்ல வாட்ச் ரிப்பேர் பண்ணினவர். "பித்தளைத் தகட்டுல இரும்பு ஸ்க்ரூ ஒடிஞ்சா நாங்க படிகாரத் தண்ணியில போட்டு வெப்போம். இரும்பை மட்டும் தின்னும். அலுமினியத்தையும் அவ்வளவா தொடாது சாமி."

நாட்டு மருந்துக் கடையில் அரைக்கிலோ படிகாரம் வாங்கினேன். அலுமினியத் துண்டில் இருந்த பேரிங், பின் எல்லாத்தையும் கழட்டினேன். விட்டா அதுவும் கரைஞ்சிடும். மண்சட்டியில் தண்ணி சுட வெச்சு, படிகாரம் கரையற வரைக்கும் கரைச்சு, துண்டை அமுக்கி, வாசல் அடுப்பில் இளஞ்சூட்டில் வெச்சேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் துளையிலிருந்து மட்டும் பொடிப்பொடியாக் குமிழி வந்தது. படிகாரத் தண்ணி லேசான அமிலம். அது இரும்பைக் கரைக்கும்போது வர்ற ஹைட்ரஜன்தான் அந்தக் குமிழி, அதனாலதான் திறந்த வெளி. அலுமினியத்து மேல தானாவே ஒரு ஆக்சைடு படலம் இருக்கிறதால அது தப்பிச்சுக்குது.

"ஏங்க, மெஷினுக்கு ரசம் வெக்கறீங்களா?" மூணு நாளில் அவ சிரிச்சது அப்பத்தான்.

சூடு ஆறினா குமிழி அடங்கிடும். மறுபடி ரெண்டு சுள்ளி வெக்கணும். ரெண்டு ராத்திரி ஒரு பகல் போச்சு. மூணாம் நாள் காலையில் கோணூசியால் குத்தினேன். கறுப்புச் சேறு மாதிரி உதிர்ந்தது. கவுத்துத் தட்டினதும் மிச்சமிருந்த துணுக்கு விழுந்தது. வெட்டின மரை அப்படியே இருந்தது. நல்லாக் கழுவி, ரெண்டாவது டேப், மூணாவது டேப். அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி. முட்டினதும் நிறுத்திட்டேன்.

மதியத்துக்குள்ள வீடர் காட்டில் ஓடுச்சு. நாங்க கையால் கொத்தின ஆறு சால் போக, மிச்சம் ரெண்டு நாளில் முடிஞ்சுது.

அப்பாவோட பெட்டியில் முதல் டேப்புக்கான குழி மட்டும் காலியா இருக்கு. புதுசு வாங்கணும். மழை இருட்டும்போது கை பரபரத்தா, அந்தப் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்துக்கிறேன்.