தி ஹேக் வரை போன படகு வழக்கு

2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்கள் சுட்டதில், ‘செயின்ட் ஆன்டனி’ படகில் இருந்த மீனவர்கள் இருவர் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்தவர். அந்த வழக்கில் நான் ஆஜராகவில்லை. ஆனால் மீனவர்களுக்காக வாதாடும் எனக்கு அதைவிடப் பெரிய பாடம் சொன்ன வழக்கு வேறில்லை.

2015இல் இத்தாலி வழக்கைச் சர்வதேச நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோனது. பாலவாக்கம் குப்பத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “நம்ம ஆளைச் சுட்டதுக்கு எதுக்கு வக்கீல் சார் வெளிநாட்டுல கேசு?”

அந்த வழக்கு நடக்கவிருந்த கட்டடத்தின் கதையைச் சொன்னேன். போருக்குப் பதில் பேசித் தீர்க்கலாம் என்று 1899இல் நாடுகள் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் கூடி, நிரந்தர நடுவர் மன்றத்தை அமைத்தன. அதற்கு இடம் வேண்டுமென்று அமெரிக்கச் செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னகி 15 லட்சம் டாலர் கொடுத்தார். வாயில் கதவு ஜெர்மனி தந்தது, கோபுரக் கடிகாரம் சுவிட்சர்லாந்து தந்தது, பெரிய கல்ஜாடி ரஷ்யா தந்தது. 1913 ஆகஸ்ட் 28 அன்று அமைதி மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டே ஜெர்மனியும் ரஷ்யாவும் போரில் மோதின. மாளிகை நிலைத்தது, 1946 முதல் சர்வதேச நீதிமன்றமும் அங்கேதான் இயங்குகிறது.

2019 ஜூலையில் அங்கே வாதம் நடந்தது. மறு ஆண்டு தீர்ப்பு வெளிவந்தது. வீரர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு, இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்று நடுவர் ஐவரில் மூவர் முடிவு செய்தார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் உயிரிழப்புக்கும் படகுச் சேதத்துக்கும் மட்டுமல்ல, உடனிருந்த மீனவர்கள் பட்ட மனவேதனைக்கும் இழப்பீடு உண்டு என்று அதே தீர்ப்பு சொன்னது.

இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரித்து வழக்கை முடித்தது. உடனிருந்தவர்களுக்குத் தனிப் பங்கு இல்லை. அவர்கள் மறுபடி வழக்காடிய பிறகே, 2022 நவம்பரில், உரிமையாளரின் தொகையிலிருந்து 9 பேருக்குத் தலா 5 லட்சம் கிடைத்தது.

அதனால் கடல் தொழில் செய்வோருக்கும், அவர்களுக்காக மனு எழுதும் இளம் வக்கீல்களுக்கும் சொல்கிறேன்: விபத்தோ தாக்குதலோ நடந்தால், படகில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் முதல் மனுவிலேயே சேருங்கள்.