கண்ணாடியைப் படுக்க வைக்காதீர்கள்

அந்தமானில் வீடு கட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் கப்பலைப் பற்றித்தான் பேசுவார்கள். சிமென்ட், கம்பி, டைல்ஸ், குழாய், பெயின்ட் எல்லாம் கப்பலேறி வந்தாக வேண்டும். சென்னையிலிருந்து கடல்வழி கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். பயணிகள் கப்பலுக்கே ஏறக்குறைய மூன்று நாள். சிமென்ட் மூட்டை கிழிந்தால் வேறு சாக்கில் கொட்டிக்கொள்ளலாம். கம்பி வளைந்தால் நிமிர்த்தலாம். கண்ணாடி உடைந்தால்? கூட்டி அள்ள வேண்டியதுதான். அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் இன்றைக்குக் கண்ணாடி பற்றி. மூக்குக் கண்ணாடி இல்லை :-) ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் போடும் பெரிய தகடு. வங்கிக்காரனுக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கண்ணாடி வியாபாரிக்கு நாங்கள் கொடுக்கும் கேஷ் கிரெடிட் கடனுக்கு அவர் குடோனில் இருக்கும் சரக்குதான் ஈடு. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தருவார். அதை நம்பி உட்கார்ந்திருக்காமல் நேரில் போய் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணப் போன இடத்தில் கற்றுக்கொண்டதுதான் இது.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் சிப்பி வடிவத்தில் புது விமான நிலையக் கட்டடம் திறந்தார்கள். ஹோட்டல்களும் பெருகிவிட்டன. எல்லோருக்கும் கண்ணாடி முகப்பு வேண்டும், கடல் தெரிய வேண்டும். நம் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் 2000-ல் மிதவைக் கண்ணாடி தயாரிக்க ஆரம்பித்தது. உருகிய தகரத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு வழவழப்பாகத் தகடு எடுக்கும் முறை அது. இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 1959-ல் உலகுக்கு அறிவித்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் முழுத் தகடு 6 மீட்டர் நீளம், 3.21 மீட்டர் அகலம். அவ்வளவு பெரியதை அப்படியே ஏற்ற ஐரோப்பாவில் தனி டிரெய்லரே உண்டு. பின்பக்கம் குறுக்கு அச்சு இருக்காது. வண்டி பின்னாலேயே போய் ஸ்டாண்டைக் கவ்வி, ஹைட்ராலிக்கில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். நம் தீவுக்கு அதெல்லாம் வராது. வெட்டின தகடு, மரக்கூட்டில் வரும்.

முதல் பாடம் எடை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. மனப்பாடம் பண்ண வேண்டிய கணக்கு இது ஒன்றுதான். எட்டுக்கு ஆறு அடித் தகடு, 5 மி.மீ. தடிமன் என்றால் சுமார் 56 கிலோ. அதுவே கடை முகப்புக்குப் போடும் 12 மி.மீ. என்றால் 134 கிலோ. 5 மி.மீ. தகட்டை 20 அடுக்கினால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். பார்த்தால் காற்று மாதிரி இருக்கிறது, எடை ஒரு சின்னக் காருக்குச் சமம்.

இரண்டாவது பாடம் தலைப்பிலேயே இருக்கிறது. பாரமான பொருளைப் படுக்க வைத்தால் பத்திரம் என்று நமக்குத் தோன்றும். கண்ணாடி விஷயத்தில் நேர்மாறு. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. படுக்க வைத்த தகடு நடுவில் துளி தொய்யும். லாரி ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கும்போது அந்தத் தொய்வு கூடிக் குறையும். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் போதும், அங்கிருந்து விரிசல் ஓடும். அடியில் இருக்கிற தகடு மேலே உள்ள அத்தனை பாரத்தையும் சுமக்க வேண்டும். இடையில் ஒரு மணல்துகள் மாட்டினால் அதுவும் பகை. நிற்க வைத்தால் ஒவ்வொரு தகடும் தன் எடையைத் தன் கீழ் விளிம்பில் தானே தாங்கிக்கொள்ளும்.

செங்குத்தாக நிறுத்தினால் முன்னால் விழும். ரொம்பச் சாய்த்தால் மறுபடி வளையும். அதனால்தான் ஆங்கில எழுத்து ஏ வடிவத்தில் இரும்பு ஸ்டாண்டு. ஏ-ஃப்ரேம் என்பார்கள். சாய்வு சுமார் 5 டிகிரி. ஆறடி உயரத் தகட்டுக்கு மேல் விளிம்பு 16 சென்டிமீட்டர் பின்னால் போனால் சரி. அடியில் ரப்பர் பட்டை, முதுகில் ரப்பர் அல்லது ஃபெல்ட். இரும்பு நேராகக் கண்ணாடியைத் தொடவே கூடாது. லாரியில் ஸ்டாண்டை நீளவாக்கில் வைக்க வேண்டும், பிரேக் போட்டால் தகடு குடை சாயாது. மேலே ராட்செட் பெல்ட், விளிம்புகளில் மூலைக் காப்பு.

கடல்வழிக்கு இன்னொரு தலைவலி ஈரம். இங்கே வருடத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. ஒட்டி நிற்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் புகுந்து தங்கினால், கண்ணாடியில் இருக்கும் சோடியத்தை அது கரைத்து வெளியே இழுக்கும். அந்தக் காரம் திரும்பக் கண்ணாடியையே அரிக்கும். பெட்டியைத் திறந்தால் தகடு உடைந்திருக்காது, ஆனால் பால் தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு இருக்கும். முற்றிவிட்டால் துடைத்தால் போகாது. இதற்காகத்தான் தகடுகளுக்கு நடுவே காகிதமோ ஒருவகைப் பொடியோ போடுகிறார்கள். வெளியே பிளாஸ்டிக் உறை, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். அந்தப் பொடியை ஏதோ தூசி என்று நினைத்துத் தட்டிவிடக் கூடாது.

தூக்குவதற்கு சக்ஷன் கப். இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று பிடித்து நடப்பதைப் பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். மேற்பரப்பு சுத்தமாக, உலர்ந்து இருந்தால்தான் அது பிடிக்கும். மழையில் நனைந்த தகட்டிலோ பொடி துடைக்காத தகட்டிலோ ஒட்டினது மாதிரி நடிக்கும், நடுவழியில் கைவிடும். பம்ப் வைத்த நல்ல வகையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அது வெளியே தெரிந்தால் பிடி தளர்கிறது, இறக்கி வை என்று அர்த்தம்.

இனி பணம். பி.காம். படித்தபோது மரைன் இன்சூரன்ஸ் பாடத்தை எல்லோரையும் போல நானும் பரீட்சைக்காக உருப்போட்டேன். அதில் ஒரு விதிவிலக்கு: பேக்கிங் போதாததால் வந்த சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. எல்லா ஆபத்துக்கும் காப்பு என்று பெரிய எழுத்தில் போட்ட பாலிசியிலும் இந்த வரி சின்ன எழுத்தில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரிக்கு ஒரு மரக்கூடு முழுக்க நொறுங்கி வந்தது. சர்வேயர் வந்தார், ஆப்பு தளர்ந்திருந்ததைப் படம் எடுத்தார், போய்விட்டார். ஒரு ரூபாய் வரவில்லை. வெட்டி, பதப்படுத்தி வந்த டஃபன்ட் கண்ணாடி அது. அதை இங்கே மறுபடி வெட்டவும் முடியாது, அளவு கொடுத்துப் புதிதாகத்தான் செய்து வர வேண்டும். ஹோட்டல்காரர் பணத்தை நிறுத்தினார். கடன் கணக்கில் 90 நாள் நிலுவை விழுந்தால் நாங்கள் அதை வாராக்கடன் என்று எழுதியாக வேண்டும். ஒரு மர ஆப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

ஆனால் பணம் போனால் சம்பாதிக்கலாம். அதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஏ-ஃப்ரேமில் இரண்டு பக்கமும் சம பாரம் இருக்க வேண்டும். இறக்கும்போதும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் குடோனில் இருந்தது அடி குறுகலான ஒரு பழைய ஸ்டாண்டு. அவசரத்தில் ஒரு பக்கத்தை முழுக்க இறக்கிவிட்டார்கள். மறுபக்கத்தில் 14 தகடு. ஸ்டாண்டு மெல்லச் சாய ஆரம்பித்தது. ஒரு பையன், இருபது வயது இருக்கும், ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான். முக்கால் டன்னுக்கு மேல் எடை. மேஸ்திரி "விடுலே, விட்டுட்டு ஓடுலே!" என்று கத்திக்கொண்டே சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். 14 தகடும் போனது. பையனுக்குக் கணுக்காலில் ஏழு தையல், அவ்வளவுதான். மறுநாள் நான் சரக்கு எண்ணப் போனபோது அண்ணாச்சி சொன்னார்: "சார், கண்ணாடி கெடக்கட்டும் சார். அவங்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?"

விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே. இந்தத் தொழிலில் எழுதி மாட்ட வேண்டிய முதல் வாக்கியம் இதுதான். நம் ஆட்களுக்கு முதலாளியின் சரக்கு உடைந்துவிடக் கூடாதே என்ற விசுவாசம் உண்டு. அந்த விசுவாசம்தான் ஆளை அடிக்கிறது. இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. பின்னால் என்ன அளவு இருக்கிறது என்று பார்க்க, சாய்ந்து நிற்கும் தகடுகளைப் புத்தகத்தின் பக்கம் புரட்டுவது போல நெஞ்சுப் பக்கம் இழுத்துப் பார்ப்பது. பத்துத் தகடு என்றால் 560 கிலோ. நேர்க்கோட்டைத் தாண்டி ஒரு அங்குலம் இந்தப் பக்கம் வந்தால் மனிதனால் நிறுத்த முடியாது. பெல்ட் அவிழ்க்கும்போது தகடு விழக்கூடிய தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. அளவு தெரிய வேண்டும் என்றால் விளிம்பில் சீட்டு ஒட்டினால் போதும். கால் ரூபாய் செலவு.

நல்ல ஸ்டாண்டு வாங்கினால் என்ன என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது. "கண்ணாடிக்கு நீங்க கடன் தருவீங்க. இரும்புக்குத் தருவீங்களா?" உண்மைதான். கேஷ் கிரெடிட்டில் சரக்கின் மதிப்பில் மார்ஜின் கழித்துத்தான் பணம் எடுக்க முடியும். ஸ்டாண்டு சரக்கு இல்லை. எங்கள் படிவத்தில் அதற்கு மதிப்பு பூஜ்யம். கப்பலில் ஸ்டாண்டோடு சரக்கு வந்தால், காலி ஸ்டாண்டைத் திருப்பி அனுப்பவும் வாடகை. அதனால்தான் ஒருவழிப் பயண மரக்கூடு.

தனியாக ஒரு சின்ன டெர்ம் லோன் போட்டோம். நட்டு போல்ட்டில் கழற்றி மடிக்கிற வகை ஸ்டாண்டு நான்கு. காலியாகத் திரும்பும்போது நான்கும் ஒன்றின் இடத்தில் அடங்கும். குடோனுக்கு அடி அகலமான ஸ்டாண்டு இரண்டு, ஒரு தள்ளுவண்டி, பம்ப் வைத்த சக்ஷன் கப் நான்கு, வெட்டுப்படாத கையுறை. தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியும் சேர்த்து எடுக்கச் சொன்னேன். சரக்கு பாலிசியில் மனிதனுக்கு இடமில்லை, அது தனி. மொத்தத்தையும் கூட்டினால் உடைந்த அந்த ஒரு மரக்கூட்டின் விலைகூட வரவில்லை. அந்தப் பையன் இப்போது அங்கேதான் வேலை செய்கிறான். தள்ளுவண்டியை வேறு யாரும் தொட விடுவதில்லையாம்.

கண்ணாடி என்று தோன்றாத கண்ணாடியும் தீவுக்கு வருகிறது. நெய்வேலி என்.எல்.சி. 2020-ல் இங்கே 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. சோலார் பேனல் ஒவ்வொன்றுக்கும் முகம் கண்ணாடிதான். அதில் வரும் சேதம் இன்னும் மோசம், கண்ணுக்கே தெரியாது. கண்ணாடி முழுசாக இருக்கும், உள்ளே சிலிக்கான் செல்லில் முடி போல விரிசல் விழுந்திருக்கும். சில வருடம் கழித்து மின்சாரம் குறையும்போதுதான் தெரியும்.

கடைசியாக நமக்கு. ஊர் விட்டு ஊர் மாறும் குடும்பங்களிடம் பெரிய டிவி, கண்ணாடி மேஜை, டிரெஸ்ஸிங் டேபிள், அம்மா கொடுத்த தஞ்சாவூர் படம், இதில் ஒன்றாவது இருக்கும். டிவி வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கிப் போடாதீர்கள். எதையும் படுக்க வைத்து அனுப்பாதீர்கள். போர்வை சுற்றி, நிற்க வைத்து, பீரோ போன்ற அசையாத பொருளோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். மேஜைக் கண்ணாடியின் நான்கு மூலைக்கும் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வையுங்கள், அருமையான மூலைக் காப்பு. கண்ணாடியில் குறுக்காக டேப் ஒட்டினால் உடையாது என்பார்கள். உடையும். சில்லு சிதறாமல் இருக்கும், அவ்வளவுதான். அதற்காகவாவது ஒட்டுங்கள்.

லாரியில் ஏற்றும்போது அது சாய்ந்தால், பக்கத்தில் நிற்கிற லோடுமேன் பையனிடம் சத்தமாகச் சொல்லுங்கள்: "விட்டுடு தம்பி, போனா போகட்டும்."