ஜெட்டில் பின் குத்தாதீர்கள்

எங்கள் வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் மஞ்சளாக எரியத் தொடங்கி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. குக்கர் அடியில் கரி அப்பும். கழுவினால் கையெல்லாம் மை. வீட்டுக்கு வந்து பார்த்த ஒருவர், "அடுப்பு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுப்பைச் சாக்கில் சுற்றி, மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அரை மணி நேர வேலைக்குப் போனவன், இரண்டு நாள் அந்தக் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடை எட்டடிக்கு ஆறடி இருக்கும். சுவர் முழுக்க ஆணியில் பழைய பர்னர்கள், நாப்கள், ஸ்டாண்டுகள். சிலிண்டர் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறது. அதை உள்ளே வைப்பதே இல்லை. "கேஸ் காத்தைவிடக் கனம் தம்பி. ஒழுகுச்சுன்னா மேல போகாது, தரையோட தரையா படுத்துக்கிடும். காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு கலந்தாப் போதும், ஒரு பொறியில பத்திக்கும்" என்றார். சிலிண்டர் வாயில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் எதையும் பற்றவைப்பார். தீக்குச்சி கிழித்து ஒழுகல் பார்க்கிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடுகிறது.

என் அடுப்பை அவர் உடனே கழற்றவில்லை. எரியவிட்டு, கடையின் லைட்டை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். சிறிய பர்னரில் சுடர் குட்டையாக, நீலமாக, உள்ளே பச்சை கலந்த கூம்பு தெளிவாகத் தெரிந்தது. பெரியதில் நுனியெல்லாம் மஞ்சள், சுடர் நெளிந்தது. ஒரு சிட்டிகை உப்புத் தண்ணீரைச் சிறிய பர்னர் மேல் தெளித்தார். சுடர் ஆரஞ்சாக மாறி, சில நொடியில் மறுபடி நீலமானது. "இது உப்போட நிறம், பயப்பட வேண்டாம். கஞ்சி பொங்கினாலும் இப்படித்தான். ஆனா பெரிசுல இருக்கிற மஞ்சள் போகல பாருங்க. அது கரியோட நிறம். காத்துப் பத்தல."

இந்தக் காற்றுக் கணக்குதான் அவர் தொழிலின் அடிப்படை. ஒரு பங்கு கேஸ் முழுசாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். ஜெட் என்கிற பித்தளை முனையின் சின்னத் துளையிலிருந்து வேகமாகப் பாயும் கேஸ், பர்னருக்கு முன்னால் இருக்கும் மிக்சிங் டியூபின் வாயில் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு பர்னருக்குப் போகிறது. மீதிக் காற்று சுடரைச் சுற்றியிருந்து வருகிறது. காற்றுக் குறைந்தால் கரி சுடரிலேயே தணலாக நின்று மஞ்சள் காட்டும்; பாத்திரத்தில் படியும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஜன்னலை அடைத்துக்கொண்டு மஞ்சள் சுடரில் சமைப்பது வேண்டவே வேண்டாம் என்பதை அண்ணன் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். கேட்கிறவர்கள் குறைவு.

பிறகு பலகையில் ஆணியடித்து மாட்டிய ஒரு பொருளை எடுத்தார். தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய், 'ப' போல வளைந்தது; உள்ளே நீல மை கலந்த தண்ணீர்; நடுவில் பள்ளிக்கூட ஸ்கேல். அவர் கையால் செய்தது. ரெகுலேட்டரிலிருந்து வரும் கேஸ் டியூபில் 'T' இணைப்பு போட்டு அதன் ஒரு காலை இணைத்தார், மறு கால் திறந்தே இருந்தது. தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி, மறு பக்கம் ஏறி நின்றது. இரண்டுக்கும் இடையே 30 சென்டிமீட்டர். நம் வீட்டு ரெகுலேட்டர் தர வேண்டிய அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். அது 30 சென்டிமீட்டர் தண்ணீரைத் தூக்கும் அளவு. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெயில் காலத்தில் இதைவிட நூறு மடங்குக்கும் மேல். அவ்வளவையும் அடக்கி இந்த 30-ஐ மட்டும் வெளியே விடுகிறது உள்ளங்கை அகலமான ரெகுலேட்டர். இரண்டு பர்னரையும் முழுசாகத் திறந்தோம். தண்ணீர் ஒரு விரல் இறங்கி அங்கேயே நின்றது. "ரெகுலேட்டர் நல்லாயிருக்கு. இது பாதிக்கு இறங்கினா, அடுப்புல கை வைக்கக் கூடாது, ரெகுலேட்டரையும் டியூபையும்தான் பாக்கணும்."

கழற்றினார். மிக்சிங் டியூபுக்குள் கம்பி பிரஷ் போய்த் திரும்பியபோது, உலர்ந்த கஞ்சி, கரப்பான் முட்டைக் கூடு, சிலந்தி வலை எல்லாம் ஒரு உருண்டையாக வெளியே வந்து மேசையில் விழுந்தது. பாதி நோய் அது. மீதி, ஜெட்டில் இருந்தது.

வாட்ச் கடைக்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸை என்னிடம் கொடுத்தார். முதலில் புது ஜெட். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. வட்டம் சுத்தமாக, ஓரம் கூர்மையாக. அடுத்து என் ஜெட். துளை ஒரு பக்கம் இழுத்து, கோழிமுட்டை போல நீண்டிருந்தது, பித்தளையில் கீறல்கள். "யாரு பின் போட்டது?" என்று கேட்டார். என் அம்மா. அடுப்பு மந்தமாக எரியும்போதெல்லாம் ஊக்கைத் திருகிக் குத்துவது வீட்டு வழக்கம்.

அண்ணன் கோபப்படவில்லை. "அம்மா மேல தப்பில்ல தம்பி. அவங்க பழகினது பம்ப் ஸ்டவ்." அவருடைய அப்பா மண்ணெண்ணெய் ஸ்டவ் பழுது பார்த்தவர். பம்ப் ஸ்டவ்வில் எண்ணெய்க் கரி நிப்பிளை அடைத்துக்கொண்டே இருக்கும். அதைக் குத்தித்தான் எடுத்தாக வேண்டும். தகட்டில் மெல்லிய கம்பி வைத்த ஸ்டவ் பின் எல்லா வீட்டு அடுக்களையிலும் தொங்கியது. கேஸ் வந்தது, பின் போகவில்லை. 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு இலவசக் கேஸ் அடுப்பு கொடுத்தபோதும், 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தபோதும், விறகிலும் மண்ணெண்ணெயிலும் சமைத்த எத்தனையோ பேர் கேஸுக்கு மாறினார்கள். அடுப்பு கைக்கு வந்தது. அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வரவில்லை. அந்தக் குறையைத்தான் இவரைப் போன்றவர்கள் வருகிற ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லியே அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு எளியது. துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். கேஸும் ஏறக்குறைய அந்த அளவுக்கு அதிகம் வரும். காற்று அதற்குத் தகுந்தபடி கூடாது. அடைப்பு என்றால் அண்ணன் ஜெட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பின்பக்கத்திலிருந்து காற்றடித்து ஊதுவார். துளை கெட்டிருந்தால் மாற்றுவார், அதே எண் பொறித்ததை. குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கு மாறுகிறவர்களுக்குச் சரியான ஜெட் இன்னும் முக்கியம்: அதற்கான ஜெட்டின் துளை பெரிது, அதை சிலிண்டர் கேஸில் போட்டால் சுடர் பாத்திரத்தைத் தாண்டி எழும்.

பர்னர் வேலை, கடையில் அண்ணனோடு வேலை செய்யும் அக்காவுடையது. பித்தளைப் பர்னர்களை இரவே புளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தேங்காய் நாரால் தேய்க்கிறார். துளைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து எண்ணிப் பார்க்கிறார். "இதுல ரெண்டு துவாரம் எரிஞ்சு பெரிசாயிருச்சு. இது வழியா தீ உள்ள இறங்கும்" என்று ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். அணைக்கும்போது 'பட்'டென்று சத்தம் வருவதும், நாப் சுடுவதும் தீ உள்ளே இறங்குவதன் அறிகுறி. ஒரு நாளில் முப்பது பர்னர் அவர் கையில் போகிறது. விரல் நுனிகளில் ரேகையே இல்லை.

நடுவில் ஒரு பாட்டி, நாப் திருகவில்லை என்று தேங்காயெண்ணெய் விட்ட அடுப்போடு வந்தார். உள்ளே இருப்பது கூம்பு வடிவப் பித்தளை. அதில் தடவிய கிரீஸ்தான் இழைய வைப்பது, கேஸ் ஒழுகாமல் அடைப்பதும் அதுவே. எண்ணெய் அந்தக் கிரீஸைக் கரைத்துவிடும். அண்ணன் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் போட்டு, சோப்பு நுரை வைத்துப் பார்த்துக் கொடுத்தார். 80 ரூபாய் கேட்டார். பாட்டி 50 கொடுத்தார். வாங்கிக்கொண்டார்.

என் அடுப்புக்கு ஜெட் மாற்றுவதற்கு முன்பே ஓர் அளவு எடுத்து வைத்திருந்தோம். பாதி தீர்ந்த சிலிண்டரை எலக்ட்ரானிக் தராசில் ஏற்றி, மூடி போட்ட பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் கொதிக்க ஆன நேரத்தைக் குறித்தோம்: 10 நிமிடம், 30 கிராம் கேஸ். ஜெட்டும் சுத்தமான டியூபும் போட்ட பிறகு அதே பாத்திரம், அதே அளவு தண்ணீர்: 8 நிமிடம், 20 கிராம். சுடர் குட்டையாகிவிட்டது, ஆனால் தண்ணீர் சீக்கிரம் கொதித்தது. பெரிய தீ என்றால் நல்ல தீ என்று நான் இத்தனை வருடம் நினைத்திருந்தது தவறு. மொத்தச் செலவு 180 ரூபாய். போச்சு என்று சொல்லப்பட்ட அடுப்பு இது.

கிளம்பும்போது அண்ணன் என் ரப்பர் டியூபைத் திருப்பி, அதில் அச்சிட்டிருந்த வருடத்தைக் காட்டினார். ஏழு வருடம் ஆகியிருந்தது. நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இதைப் படித்து முடித்ததும் உங்கள் அடுப்புக்குப் பின்னால் கையை விட்டு அந்த வருடத்தைப் பாருங்கள். 5 வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். அடுக்களையில் பழைய ஸ்டவ் பின் இருந்தால் குப்பையில் போடுங்கள்.