காபிக்கு வடிதாள்: தாம்பரத்துக் குறிப்புகள்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் பாத்திரக் கடைக்குப் போனால், இரண்டு பேருக்கானதிலிருந்து கல்யாண வீட்டுக்கானது வரை எவர்சில்வர் பில்டர் அடுக்கியிருக்கும். பித்தளையும் உண்டு. ஆனால் கூம்பில் தாளைப் போட்டு, கையால் வெந்நீர் ஊற்றி வடிக்கிற டிரிப்பருக்குத் தாள் வேண்டுமென்றால் ஆன்லைன்தான் வழி. தொட்டுப் பார்த்து வாங்க முடியாத பொருள். அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

*

முதலில் வடிவமும் அளவும். ஹாரியோ வி60 கூம்பு. 60 டிகிரிக் கோணம் என்பதால் அந்தப் பெயர். 01 ஒருவருக்கு, 02 இரண்டு மூன்று பேருக்கு. மெலிட்டா வகைத் தாள் அடியில் ஒரு கோடாக ஒடுங்கும். கலிட்டா வேவ் அடி தட்டை, சுற்றிலும் மடிப்பு. ஒன்றின் தாள் இன்னொன்றில் சரியாக உட்காராது. இடைவெளி விழுந்தால் தண்ணீர் தூளைத் தொடாமல் ஓரமாக இறங்கிவிடும்.

ஒட்டிய விளிம்பை மடித்துப் போட வேண்டும். மெலிட்டா தாளில் அடி விளிம்பை ஒரு பக்கமும் பக்க விளிம்பை எதிர்ப்பக்கமும் மடித்தால் தாள் விரிந்து நிற்கும்.

*

மெலிட்டா பென்ட்ஸ், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி. காபியில் மண்டி தங்குவது பிடிக்காமல், மகனின் நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து, ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடித்தார். அதற்கான உரிமை 1908இல் பதிவாயிற்று. அதே ஆண்டில் கம்பெனியும் தொடங்கினார். நம் வீட்டு பில்டரும் ஓட்டை போட்ட பாத்திரம்தான். அவர் ஓட்டைக்கு மேல் தாளைப் போட்டார், நாம் தூளின் மேல் குடையை வைத்து அமுக்கினோம். இரண்டு காபிக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தொடங்குகிறது.

*

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் வடிதாளை நாலாக மடித்துப் புனலில் வைத்தவர்களுக்கு கெமெக்ஸ் டிரிப்பரின் தாள் மடிப்பு புதிதல்ல. ஒரு பக்கம் மூன்று அடுக்கு, மறுபக்கம் ஒன்று. 1941இல் அந்த டிரிப்பரை உருவாக்கிய பீட்டர் ஷ்லும்போம் ஒரு வேதியியலாளர். தாள் கனமானது, காபி மெதுவாக இறங்கும், மிகத் தெளிவாக இருக்கும். விலையும் கூடுதல்.

*

வெள்ளையா, பழுப்பா? நான் வெள்ளைக் கட்சி. பழுப்பு இயற்கையானது என்று பலர் அதைத் தேடி வாங்குகிறார்கள். அதில் வருகிற அட்டைப்பெட்டி வாசனை எனக்கு ஆகவில்லை. குளோரின் போட்டு வெளுப்பதால் டையாக்சின் சேரும் என்ற அச்சம் 1980களில் எழுந்தது உண்மை. இன்று ஆக்சிஜனால் வெளுத்த தாள் தாராளமாகக் கிடைக்கிறது. பாக்கெட்டில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்த நிறமானாலும் தூள் போடும் முன் வெந்நீரால் நன்றாக நனைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்டுவதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், தாளின் குணம் தெரிந்துவிடும்.

*

சிக்கரி. தாள் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

வறுத்த காபித் தூளில் தண்ணீரில் கரைவது ஏறக்குறைய 30 சதவீதம். சிக்கரியில் பாதிக்கும் மேல் கரையும். 70:30 தூளைத் தாளில் போட்டு வெந்நீர் ஊற்றினால் அது குழைந்து தாளின் கண்களை அடைக்கும். மூன்று நிமிடத்தில் வடிய வேண்டிய தண்ணீர் மேலே தேங்கி நிற்கும், அடியில் சொட்டுச் சொட்டாக விழும், கசப்பு ஏறும். உடனே தாள் மட்டம் என்று வேறு பிராண்டுக்குப் போகிறார்கள். பாவம், அந்தத் தாள் என்ன செய்யும்? கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் விகிதத்தையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது விதி. அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். வறுத்து அரைத்துத் தருகிற கடையானால், "சிக்கரி வேண்டாம், ரவை பதத்துக்கு அரைச்சுக் குடுங்க" என்றால் போதும். ஏற்காட்டு அரபிகாவோ தாண்டிக்குடிக் கொட்டையோ கிடைத்தால் இன்னும் நல்லது.

*

தாள் காபியின் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கெட்ட கொழுப்பை ஏற்றுகிற காஃபெஸ்டால், காவியோல் இரண்டிலும் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிடுகிறது. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணெய் போனால் கெட்டித்தன்மையும் போயிற்று. பால் சேர்த்தால் காபி எடுபடாது. பால் காபிக்கு டிகாக்‌ஷன், கருங்காபிக்குத் தாள்.

*

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாள் ஈரத்தையும் வாசனையையும் இழுக்கும். பெருங்காயம், சாம்பார் பொடி இருக்கிற அலமாரியில் வைக்கவே கூடாது. இறுக மூடும் சம்புடம் உத்தமம்.

*

சேலையூர், மேடவாக்கம் பக்கம் போர் தண்ணீர் காய்ச்சும் வீடுகளில் கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் கடினநீர் காபியின் இனிய புளிப்பை மழுக்கிவிடும். தாளை மாற்றும் முன் ஒரு நாள் கேன் தண்ணீரில் காபி போட்டுப் பாருங்கள்.

*

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: டிரிப்பர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனித் தாள், அதே அளவு, வெள்ளை. கனத் தாளெல்லாம் அப்புறம். தாள் தீர்ந்துபோன காலையில் டிஷ்யூ பேப்பரை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். வெந்நீரில் கிழிந்துவிடும், குடிக்கிற பொருளை வடிக்கச் செய்ததும் அல்ல அது. அன்றைக்கு எவர்சில்வர் பில்டரை எடுங்கள்.