நாலாம் வகுப்புக்கு வந்த கூத்துக்காரத் தாத்தா

அமெரிக்காவில் பல தொடக்கப் பள்ளிகளுக்கு 'பிக்சர் லேடி' என்று ஒருவர் வருவதுண்டு. அவர் ஆசிரியர் இல்லை, அங்கே படிக்கும் ஏதோ ஒரு குழந்தையின் அம்மா. புகழ்பெற்ற ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைவார். "இதுல என்ன தெரியுது? காலையா, சாயங்காலமா? இந்தப் பொண்ணு ஏன் அந்தப் பக்கம் பார்க்குது?" என்று கேட்பார். படம் வரைய அவர் கற்றுத்தருவதில்லை, பார்க்கத்தான் கற்றுத்தருகிறார். சில பள்ளிகளில் இதையே இசைக்கும் செய்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பென்னாகரம் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிதான். நம் ஊர் நிலவரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். ஓவியம் போன்ற கலைகளுக்குப் பகுதிநேர ஆசிரியர் என்று அந்தச் சட்டம் பேசுவதெல்லாம் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். அந்த இரண்டு ஆசிரியர்கள்தான் தமிழ், கணக்கு, வருகைப் பதிவு, சத்துணவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 'எண்ணும் எழுத்தும்' வந்த பிறகு பாட்டும் கதையும் வகுப்புக்குள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. கலைத் திருவிழாவும் இப்போது சின்ன வகுப்புகள் வரை வந்துவிட்டது. ஆனால் அது போட்டி. மேடை ஏறுகிற பிள்ளைக்குத்தான் அங்கே வேலை. மேடை ஏறாத பிள்ளைக்கு ஒரு பாட்டைக் கேட்கவோ, ஒரு படத்தைப் பார்க்கவோ யார் சொல்லித் தருவது?

எங்கள் ஊரில் போன வருஷம் அதற்கு ஒரு சின்ன முயற்சி நடந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் இரண்டு அம்மாக்கள்தான் தொடங்கி வைத்தார்கள். 2022-ல் மாற்றி அமைத்தபோது குழுவின் 20 பேரில் 15 பேர் பெற்றோர். பாதிக்குமேல் பெண்கள். கூட்டத்தில் கழிப்பறைக் கதவையும் குடிதண்ணீரையும் பேசி முடித்த பிறகு, "வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல நம்ம ஊர் ஆளுங்களே வந்து ஏதாவது சொல்லிக்குடுத்தா என்ன?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். யார் வருவது என்று தேடியபோதுதான் சிக்கல். பெற்றோரில் பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். தருமபுரி மாவட்டத்தில் பெற்றோர் தன்னார்வலர் என்றால், பல வீடுகளில் அது தாத்தா பாட்டிதான்.

அப்படிப் போனவர் என் பெரியப்பா. தெருக்கூத்தில் மிருதங்கம் வாசிப்பவர். அவர் பேத்தி அங்கே நாலாம் வகுப்பு.

முதல் நாள் நானும் லீவில் ஊரில் இருந்தேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு, தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொன்னார். "இப்ப திரைக்குப் பின்னாடி ஒருத்தரு நிக்கறாரு. யாருன்னு அடியக் கேட்டுச் சொல்லுங்க" என்று வாசித்தார். கனமான, நிதானமான அடி. "யானை!" என்றான் ஒருவன். அடுத்து துள்ளலாக ஒரு நடை. உடனே சிரிப்பு, "கட்டியங்காரன்!" கூத்து பார்த்தே இராத இரண்டு பேர்கூட மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார்கள். துரியோதனனுக்கு ஏன் முகத்தில் சிவப்புப் பூசுகிறோம் என்று கேட்டார். ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். எதையும் அவர் தப்பு என்று சொல்லவில்லை. நாற்பது நிமிஷம் ஒரு பிள்ளையும் தண்ணீர் குடிக்க எழவில்லை.

அடுத்த வாரம் ஒரு அம்மா கோலம் போட்டார். புள்ளிகளைச் சுற்றிவரும் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அவ்வளவுதான் பாடம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் பறை அடிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான். ஆனால் முதலில் எல்லோருக்கும் தோன்றிய பெயர் மிருதங்கக்காரருடையது. பறையைக் கூப்பிட இன்னும் நாலைந்து வெள்ளிக்கிழமை ஆனது. அதையும் பெரியப்பாதான் கேட்டார்.

காசு விஷயமும் உண்டு. கூத்து என்றால் ராத்திரி தொடங்கி விடியும் வரை. அந்தக் கண்ணோடு மறுநாள் பள்ளிக்கு வர முடியாது. கூத்து இல்லாத மாதங்களில் கூலி வேலை, அதையும் ஒரு நாள் விட வேண்டும். 'தன்னார்வம்' என்ற வார்த்தை மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எளிது. 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். பறையும் மிருதங்கமும் தூக்கி வருகிறவர்களுக்குக் குறைந்தது அதையாவது தரலாம் என்பது என் கருத்து.

நம் மாவட்டத்தில் அச்சுப் பிரதிகூடத் தேவையில்லை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு நட்ட கற்களும் உண்டு. வில் எந்தக் கையில், காலடியில் என்ன என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். சேலம் போகும் வழியில் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் மேற்கூரையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அந்த வழியாக நான் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். அண்ணாந்து பார் என்று பள்ளிக்காலத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இதில் முழு மனதாகச் சந்தோஷப்படாத ஒருவர் உண்டு. பெரியப்பாவின் மகன், என் அண்ணன். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. "நான் படாதபாடு பட்டு அவளப் படிக்க வைக்கிறேன். நீ அவளையும் கூத்துப் பக்கம் இழுத்துடாதப்பா" என்று போனில் கத்தினார். சின்ன வயதில் 'கூத்தாடி மகன்' என்று வகுப்பில் கூப்பிட்டதை அவர் மறக்கவில்லை. பெரியப்பா பதில் பேசவில்லை. "நான் வாசிக்கக் கத்துக்குடுக்கல, கேக்கத்தான் கத்துக்குடுக்கறேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

போன மாதம் ஒரு ராத்திரி அண்ணன் வீடியோ காலில் இருந்தார். பேத்தி எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினாள். "அப்பா, யாரு வர்றாங்க சொல்லு?"

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "துரியோதனன்" என்றார். "சரி, கணக்கு வீட்டுப்பாடம் முடிச்சியா?"