கரிசல்காட்டான் கண்ட பாய்மரம்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

கந்தக பூமியில் பிறந்தவன் நான். வானம் பொய்த்தாலும் தீப்பெட்டியும் பட்டாசும் வயிற்றைக் காப்பாற்றும் சிவகாசிச் சீமையில், தண்ணீர் என்பது குடத்தில் வருவது. கடல் என்பது திரைப்படத்தில் வருவது. அத்தகைய நான் பாய்மரப் படகின் வேகத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களுள் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கடலுக்கு அழைத்துச் சென்றவனே அவன்தான்.

தொண்டிக்கு அருகே, பாக் நீரிணைக் கரையில் உள்ள ஒரு சிற்றூர் அவனுடையது. சென்ற பொங்கல் விடுமுறையில் அங்கே போயிருந்தேன். திருவிழாக்களையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவது அந்த வட்டாரத்து வழக்கம். ஆனால், நண்பனின் தந்தை பரணில் கிடந்த பழைய பாயை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தது போட்டிக்காக அன்று, டீசலுக்காக. வலையை இழுத்துக்கொண்டு கரை திரும்பும் வழியெல்லாம் இயந்திரம் குடிக்கும் டீசல், பிடித்த மீனில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. மார்கழி, தை மாதங்களிலோ வாடைக்கொண்டல் வீசுகிறது. தென்கிழக்கே வலை போட்டு வடமேற்கே வீடு திரும்புகிறவர்களுக்கு அது வலப்பக்கமாக வந்து வாய்க்கும். சும்மா கிடைக்கும் காற்றை ஏன் விடவேண்டும் என்பது அவர் கேள்வி.

இடையூறு ஒன்றே ஒன்று. மீன் ஏலம் காலையிலேயே முடிந்துவிடும். பிந்தி வந்த மீனை வியாபாரி கேட்ட விலைக்குத்தான் கொடுக்கவேண்டும். இந்தக் கணக்குச் சரிப்படாவிட்டால் வள்ளத்தை விற்றுவிடுவது என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை நண்பன் இரவில் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னான்.

மறுநாள் விடியற்காலையில் வலை ஏற்றியாயிற்று, பாயும் விரித்தாயிற்று. மூன்றாண்டு இயற்பியல் படித்த செருக்கு என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. "ஐயா, தாமானை இன்னும் இழுத்துக் கட்டுங்கள். பாய் விறைப்பாக நின்றால்தானே காற்று நன்றாகத் தள்ளும்?" என்றேன். பாயின் கீழ்மூலையைப் பிடித்து அடக்கும் கயிறுக்குத் தாமான் என்று பெயர். பெரியவர் சிரித்துக்கொண்டே, "இந்தா தம்பி, நீயே பிடி" என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்.

இழுத்தேன். வள்ளம் ஒருபுறம் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. மீன் கூடை சரிந்தது. இரைச்சல் அதிகமாயிற்று, நானோ அதை வேகம் என்று நினைத்து மகிழ்ந்தேன். பக்கத்து வீட்டார் வள்ளம், பாயைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, ஓசையின்றி எங்களைக் கடந்து போயிற்று. நாங்கள் கரை சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. அன்று விற்ற மீனின் விலையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெரியவர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. மாலையில் வலையைப் பிரித்துக்கொண்டே, "வேகத்தைக் குடுக்கிறது பாயிதான். ஆனா வேகத்தைத் திங்கிறது எதெதுன்னு பாத்தியா தம்பி?" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் வேகம் என்றால் திரி. பற்றவைத்துவிட்டால் பிறகு அது நம் கையில் இல்லை. மருந்தைக் கூட்டினால் வாணம் உயரப் போகும் என்பதுதான் நான் அறிந்த கணக்கு. அந்தக் கணக்கைக் கடலுக்குக் கொண்டு போனதே என் பிழை.

பக்கவாட்டில் காற்று வரும்போது பாய் தள்ளப்படுவதில்லை. பறவையின் சிறகைப் போல, விமானத்தின் இறக்கையைப் போல, இருபுறமும் காற்று வழுக்கிச் செல்லும்போதுதான் அது இழுவிசை பெறுகிறது. அளவுக்கு மீறி இழுத்தால் காற்று பாயின் மறுபுறத்தில் ஒட்டாமல் சிதறிவிடும். விசை படகை முன்னே செலுத்தாமல் சாய்க்கத் தொடங்கும். இன்னொன்று. ஓடும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தால், காற்றே இல்லாத நாளிலும் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா? படகிலும் அப்படியே. படகு வேகம் கொள்ளக் கொள்ள, பக்கத்திலிருந்து வரும் காற்று முன்புறமிருந்து வருவது போல் மாறும். ஆகவே பாயை ஒருமுறை கட்டிவிட்டு உறங்க முடியாது. தாமானைத் தளர்த்திக்கொண்டே போகவேண்டும். பாயின் முன்விளிம்பு படபடக்கும். அந்தப் படபடப்பு அடங்கும்வரை மட்டும் திரும்ப இழுக்கவேண்டும். அதற்கு மேல் ஒரு சாண் இழுத்தாலும் நஷ்டமே. நண்பனின் தங்கையிடம் சிவப்பு உல்லன் நூல் வாங்கிப் பாயின் இருபுறமும் சிறு துண்டுகளாகத் தைத்துவிட்டோம். இரு புறத்து நூலும் பின்னோக்கி நேராகப் பறந்தால் பாய் சரி. காற்று மறைவான பக்கத்து நூல் துள்ளினால், அதிகம் இழுத்திருக்கிறோம் என்று பொருள்.

பிறகு வள்ளத்தைக் கரையேற்றிப் பார்த்தோம். அடியில் பாசியும் கொட்டலசும்! சுரண்டச் சுரண்டக் கைவிரல்கள் கிழிந்தன. ஐஸ் பெட்டியும் வலையும் பின்முனையில் குவிந்து கிடந்ததால் அது தாழ்ந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்தது. அவற்றை நடுவே நகர்த்தினோம். இயந்திரத்தின் விசிறியை நீருக்கு மேலே தூக்கிக் கட்டினோம். சும்மா தொங்கும் விசிறி எவ்வளவு தடை செய்யும் என்பது தூக்கிய பிறகே தெரிந்தது.

இதில் எது எவ்வளவு பயன் தந்தது என்று எப்படி அறிவது? நேற்றைய காற்று வேறு, இன்றைய காற்று வேறு. ஆய்வகத்தில் நம் ஆசிரியர்கள் சொல்வார்களே, ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே என்று; அது அங்கே உதவிற்று. பக்கத்து வீட்டார் வள்ளத்தோடு இணையாக ஓடினோம். அவர்கள் எதையும் மாற்றவில்லை. நாங்கள் ஒவ்வொன்றாக மாற்றினோம். இடைவெளியை வள்ள நீளங்களில் எண்ணி நோட்டில் குறித்தேன். பெரும் பயன் தந்தவை தாமானும் அடிச் சுத்தமும். பாயைப் பெரிதாக்க வேண்டும் என்ற என் யோசனைக்கு நோட்டில் இடமே வரவில்லை.

வேகத்திற்கு எல்லையும் உண்டு. படகு ஓடும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை எட்டியதும், படகு தான் எழுப்பிய அலையின் பள்ளத்தில் தானே சிக்கிக்கொள்கிறது. 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் வில்லியம் புரூட் தொட்டியில் சிறு மாதிரிகளை இழுத்துக் கப்பல்களின் தடையை ஆராய்ந்தார். நீர்க்கோட்டின் அடிக்கணக்கிற்கு வர்க்கமூலம் கண்டு 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். 25 அடிக்கு 6.7 நாட். அதற்கு மேல் எவ்வளவு விசை கொடுத்தாலும் பெரும்பகுதி வீண்தான்.

கல்லூரிக்குத் திரும்பியபின் ஐ.என்.எஸ்.வி. தாரிணியைப் பற்றித் தேடிப் படித்தேன். கோவாவில் கட்டப்பட்ட 56 அடிப் பாய்மரப் படகு அது. கடற்படை அதிகாரிகளான கோழிக்கோட்டு தில்னாவும் நம் அண்டையிலுள்ள புதுச்சேரியின் ரூபாவும் இருவர் மட்டுமே அதில் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29-இல் திரும்பினார்கள். ஏறத்தாழ 25,400 கடல் மைல். 238 நாட்களால் வகுத்துப் பார்த்தேன்: துறைமுகங்களில் நின்ற நாட்களையும் சேர்த்து, நாளொன்றுக்கு 107 மைல், அதாவது நாலரை நாட்டுக்கும் சற்றுக் குறைவு. விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு மிதிவண்டியில் நிதானமாகப் போகிறவன் இதைவிட வேகமாகப் போவான்! ஆனால் அவன் இரவில் உறங்குவான்; காற்று உறங்குவதில்லை. அரை நாட் கூடினால் நாளுக்கு 12 மைல். 200 நாளுக்கு 2,400 மைல். நெடும்பயணம் போகிறவர்கள் ஒரு கயிற்றின் சாணுக்காக ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

தொண்டிப் பக்கத்தில் யாரும் 200 நாள் ஓடுவதில்லை. அங்கே வேண்டியது அரை மணி நேரம். நான் புறப்படுவதற்கு முந்தைய நாள், ஏலக்காரர் குரலெடுக்கும் முன்பே எங்கள் வள்ளம் கரையில் இருந்தது. தாமானைப் பிடித்திருந்தவன் நண்பன். நான் காற்று வரும் பக்கத்துப் பலகையில் எடைக்கு அமர்ந்திருந்தேன். அந்த வேலைக்குத்தான் நான் தகுதி என்று பெரியவர் முடிவு செய்திருந்தார்.

வள்ளத்தை விற்கும் பேச்சு இந்த ஆண்டுக்கு ஓய்ந்திருக்கிறது. காற்று விழுந்த நாட்களில் இயந்திரம்தான் ஓடுகிறது, அதை மறைப்பதற்கில்லை. போன வாரம் ஊருக்குப் போய் வந்த நண்பன், வெயிலிலும் உப்பிலும் நூல்கள் நைந்துவிட்டன என்றும், சிவகாசிக் கடைத்தெருவில் சிவப்பு உல்லன் நூல் இரண்டு கண்டு வாங்கி வரவேண்டும் என்றும் சொன்னான்.